அமைச்சர் சேர்த்த ஒரு சொல்

சட்டசபையில் யார் என்ன பேசினாலும் அப்படியே பதிவு செய்பவளை எல்லாரும் சுருக்கெழுத்தம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வயது ஐம்பத்தேழு, பாம்புச் செவி. அந்தக் காது பழைய வேலையில் தீட்டப்பட்டது. ஒரு காலத்தில், தொலைபேசி நிலையத்தின் மூன்றாம் மாடியில், பெயர்ப்பலகை இல்லாத அறையில் ஒன்பது வருஷம் ஹெட்ஃபோனும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். எதிர்க்கட்சிக்காரர்களின் பேச்சை ஒரு வார்த்தை விடாமல் எழுதிக் கொடுப்பதுதான் வேலை. அதை இயந்திரங்கள் எடுத்துக்கொண்டதும் சபைக்கு மாற்றிவிட்டார்கள்.

அன்று, அரசு போன் பேச்சை ஒட்டுக்கேட்கிறது என்ற எதிர்க்கட்சியின் புகாருக்கு அமைச்சர் முழங்கினார்: "ஒட்டுக்கேட்பதா? நம் சரித்திரத்திலேயே கிடையாது! மன்னர்கள் மாறுவேடத்தில் போனது காற்று வாங்க. ஒற்றர்கள் என்பவர்கள் அந்தக் காலத்துத் தபால்காரர்கள். எந்த அரசும் எவர் பேச்சையும் கேட்டதே இல்லை!"

"மக்கள் பேச்சைத்தானே? அது உண்மைதான்!" என்றார் எதிர்வரிசைக்காரர் ஒருவர்.

சபை சிரித்தது. சுருக்கெழுத்தம்மா 'சிரிப்பு' என்று குறித்துக்கொண்டாள்.

அமைச்சரின் குரல் அவளுக்கு அத்துப்படி. அவர் எதிர்க்கட்சியில் இருந்தபோது, வாரம் தவறாமல் அவருடைய அக்கா போன் செய்வார். அதையெல்லாம் எழுதியவள் இவள்தான்.

மாலையில் அமைச்சர் இருமிக்கொண்டே அவள் அறைக்கு வந்தார்.

"அம்மா, அந்தத் தபால்காரர் வரியை மட்டும் எடுத்துடுங்களேன். வாய் தவறி வந்துடுச்சு."

"எழுத்துப்பிழைன்னா திருத்தலாம் ஐயா. பேசினதை எடுக்க முடியாது. இருமல் இன்னுமா விடல? அக்கா சொன்னப்பவே டாக்டர்கிட்ட போயிருக்கலாம்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எங்க அக்காவை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போன்லதான் ஐயா. ஹெட்ஃபோன் வச்சுக் கேட்டு எழுதினது நான்தான்."

அமைச்சர் குதிக்கப் போகிறார் என்று அவள் நினைத்தாள். அவரோ நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அக்கா போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகியிருந்தது.

"என்ன பேசினோம்னே மறந்துபோச்சும்மா."

"நீங்க சட்டுனு வச்சிடுவீங்க. அவங்க உடனே வைக்க மாட்டாங்க. 'சரிடா, நேரத்துக்குச் சாப்பிடு'ன்னு வெறும் போன்ல சொல்லிட்டுத்தான் வைப்பாங்க."

"அதையும் எழுதினீங்களா?"

"எழுதினேன். ஏதோ ரகசியக் குறிப்புன்னு மேலதிகாரி ரெண்டு மாசம் மண்டையை உடைச்சுக்கிட்டார்."

அமைச்சர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

மறுநாள் சபையில் எழுந்து, "நேற்று 'எந்த அரசும் எவர் பேச்சையும் கேட்டதே இல்லை' என்றேன். அதை 'ஏறக்குறைய எந்த அரசும்' என்று திருத்திக்கொள்கிறேன்," என்றார்.

ஏன் என்று ஒருவருக்கும் புரியவில்லை. சுருக்கெழுத்தம்மா தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள்.