ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு பேர் பிழைப்பு

அவள் மொழிபெயர்ப்பாளர். ஆஸ்பத்திரியில் டாக்டர் பேசுவது நோயாளிக்குப் புரியாவிட்டால் அவளுக்குக் கம்ப்யூட்டரில் அழைப்பு வரும். படுக்கையறைக் கதவைச் சாத்தி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இரு தரப்புக்கும் மாற்றி மாற்றிச் சொல்வாள். வீட்டில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். கல்யாண வீடியோ எடுக்கும் கணவனுக்கும் அதுதான் சோறு போட்டது.

"ஒரே நேரத்துல பத்து வேலை பாக்கும். அதுக்குத்தானே வாங்கினோம்?" என்பான் அவன். வெட்டி ஒட்டிய துண்டுகளை முழு வீடியோவாகச் சேர்க்கும் வேலையை ஓடவிட்டு எழுந்துபோவான். அது பாட்டுக்கு ஓட, இவள் உட்கார்ந்து பேசுவாள். எப்போதாவது கம்ப்யூட்டர் திணறி, குரல் கரகரக்கும். "இன்னொரு தடவ சொல்லுங்க" என்று சமாளித்துவிடுவாள்.

அன்று வந்த அழைப்பு அவசரப் பிரிவிலிருந்து. நினைவிழந்து கிடந்தார் ஒரு பெரியவர். பக்கத்தில் அவர் மகள். குளுக்கோஸ் ஏற்றியும் சர்க்கரை மறுபடி மறுபடி இறங்கிக்கொண்டிருந்தது. இன்று இன்சுலின் போட்டார்களா என்று கேட்கச் சொன்னார் டாக்டர்.

அவள் கேட்டாள். பதில் வந்தது.

"காலையில ஊசி போ..."

அதோடு அறுந்தது. போட்டோமா, போடலையா?

"சத்தம் விட்டுப்போச்சும்மா, மறுபடி சொல்லுங்க."

"நான்... போ... தம்பி..."

என்ன சொல்கிறார் என்று டாக்டர் அதட்டினார். ஊகித்துச் சொல்லிவிட்டால் ஒரு உயிரோடு விளையாடுவதாகிவிடும். திரையின் ஓரத்தில் கணவனின் வீடியோ முக்கால்வாசி முடிந்திருந்தது. சாயங்காலம் பெண்வீட்டாரிடம் கொடுத்தாக வேண்டியது. அதை மூடப் போனாள்.

எவ்வளவு ஆகியிருக்கிறது என்று பார்க்க, சரியாக அந்த நேரம் கதவைத் திறந்தான் அவன். அவள் கை போகும் இடத்தைக் கண்டு பதறினான். அழைப்பின்போது வாய் திறக்கக் கூடாது என்பது தெரியும். இரண்டு கைகளையும் ஆட்டி, காலில் விழாத குறையாகக் கெஞ்சினான்.

அவள் அவனை ஒருமுறை பார்த்தாள். மூடிவிட்டாள்.

"நான் போட்டேங்க!" மகளின் குரல் கணீரென்று வந்தது. "அது தெரியாம தம்பியும் போட்டுட்டான். ரெண்டு தடவ போயிருச்சு!"

இவள் அதை டாக்டருக்குச் சொல்லி முடிப்பதற்குள் அவர் யாரையோ உரக்கக் கூப்பிட்டார். காலடிச் சத்தம் கேட்டது. அழைப்பு நின்றது. பெரியவர் பிழைத்தாரா என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியாது.

"மறுபடி மொதல்லேர்ந்து ஓடணும்!" கணவன் வெடித்தான். "அப்படி என்ன உயிர் போற அவசரம்?"

அவளால் சொல்ல முடியாது. அழைப்பில் கேட்டதை யாரிடமும் பேசக் கூடாது. ஹெட்போனைக் கழற்றி மாட்டப் போனாள். அது சுவர்க் கொக்கியில் சிக்காமல் இரண்டு தடவை கீழே விழுந்தது. 'உயிர் போற அவசரம்' என்று தான் கேட்டது அவனையே சுட்டது. ஹெட்போனை வாங்கி மாட்டினான்.

"சரி, விடு. தண்ணி குடி."

வெளியே போய் பெண்வீட்டுக்குப் போன் செய்தான். "ஆமாங்க... நாளைக்குத்தாங்க முடியும்... இல்லைங்க, தப்பு எங்க மேலதான்." நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வது கதவுக்கு இந்தப் பக்கமும் கேட்டது.

அன்றிலிருந்து அவள் வேலை முடியும்வரை அவன் வீடியோவை ஓடவிடுவதில்லை. அவசரமானால் மட்டும் கதவருகே வந்து நின்று, "முடிஞ்சுதா?" என்று வாயசைத்துக் கேட்பான்.