அன்ரியின் விரதப் பானை

உண்மையைச் சொல்வதா, பொய் சொல்வதா? போன சனிக்கிழமை மத்தியானம் இதை முடிவுசெய்ய எனக்குக் கிடைத்தது அரை நிமிடம்.

அடுப்பில் இரண்டு பானைகள் கொதித்துக்கொண்டிருந்தன. ஒன்று என்னுடையது. மற்றது, கதவைத் தட்டிய பக்கத்து வீட்டு அன்ரியுடையது.

நான் வீட்டில் பியர் காய்ச்சுகிறவன் என்பது இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். (கடிதம் எழுதித் திட்டியவர்களுக்கு நன்றி.) இதுவரை டின்னில் விற்கும் பார்லிப் பாகைக் கரைத்தே காய்ச்சினேன். சின்னப் பானை போதும். இந்தமுறை ஆசை கூடிவிட்டது. முளைவிட்டுக் காயவைத்த பார்லியையே வாங்கி, சுடுநீரில் ஊறவைத்து, வடித்தெடுப்பது என்று இறங்கினேன். இருபத்திரண்டு லீட்டர் சாறு வரும். ஒரு மணித்தியாலம் கொதிக்கவேண்டும். என் பானை கொள்வதோ பன்னிரண்டு.

பாதி பாதியாக இரண்டு தடவை கொதிக்கவைத்திருக்கலாம். பஞ்சி... யார் இரண்டு மணித்தியாலம் அடுப்படியில் நிற்பது? காலையிலேயே அன்ரியின் கதவைத் தட்டினேன்.

"மச்சம் மாமிசம் படாத பானை தம்பி. நாளைக்கு விரதம் முடிச்சுப் பாறணைக்குச் சமைக்க வேணும். என்னத்துக்கு?"

"பார்லி அவிக்க அன்ரி. பின்னேரம் தந்திடுவன்."

பொய்யா? இல்லை. உண்மையா? அதுவும் இல்லை.

அன்ரிக்கு அன்று கந்தசஷ்டி ஆறாம் நாள். ஒரே மகன் ராசனுக்காகப் பிடிக்கிற விரதம். இங்கே வருவதற்காக, ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனோடு கொழும்பிலிருந்து வெளிக்கிட்டவன், மொஸ்கோவிலிருந்து ஒருமுறை போன் எடுத்தான். பிறகு ஐந்து கிழமையாகச் சத்தமே இல்லை. அன்ரி ஆறு நாளும் பாலும் பழமும்தான்.

பின்னேரம்வரை பொறுத்திருக்கவேண்டியவர் மத்தியானமே வந்துவிட்டார்.

"கோயிலுக்குப் போகமுன்னம் பானையைக் கழுவிக் கவிழ்த்து வைக்கப் போறன் தம்பி."

"இன்னும் அவியேல்லை அன்ரி..."

அந்த நேரம் பார்த்து என் பானை பொங்கியது. நுரை வழிந்து அடுப்பில் சீறியது. நான் விறைத்து நின்றேன். அன்ரிதான் விறுவிறென்று வந்து அடுப்பைக் குறைத்தார். பிறகு தன் பானைக்குள் எட்டிப் பார்த்தார்.

"உதென்ன பூ மிதக்குது?"

பியருக்குக் கசப்புக் கொடுக்கிற ஹொப்ஸ் பூ. 'மருந்துப் பூ' என்று சொல்ல வாய் வந்துவிட்டது. கழுவிக் கொடுத்தால் யாருக்குத் தெரியப்போகிறது? அன்ரி பத்திரிகையில் மரண அறிவித்தல் மட்டும் படிப்பவர்; இந்தப் பக்கத்தைப் பார்க்கமாட்டார். திரும்பி, பின்னால் நின்ற மனைவியைப் பார்த்தேன்.

"வாங்கினது நீங்கள். நீங்களே சொல்லுங்கோ" என்றாள்.

"பியர் அன்ரி."

அன்ரி பானையை விட்டுத் தள்ளி நின்றார். எனக்கு வாய் நிற்கவில்லை. "இப்ப வெறியில்லை அன்ரி. வெறும் பார்லித் தண்ணிதான். ஈஸ்ட் போட்டுப் புளிச்சாப் பிறகுதான்..."

"நீர் படிச்சனீர். உமக்குத் தெரியும்" என்றார். "ராசனுக்காகப் பிடிச்சது தம்பி." அவ்வளவுதான். போய்விட்டார்.

திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை வாதாடி, கோபப்பட்டு, தப்பியிருப்பேன்.

மறுநாள் காலை மன்னிப்புக் கேட்கப் போனேன். அன்ரியின் நாலு அடுப்பிலும் நாலு சின்னச் சட்டிகள். பாறணைக்குக் கூப்பிட்ட பத்துப் பேருக்குச் சமையல். இறக்கிவைத்து, அடுத்த உலை வைத்து, அதையும் இறக்கி... ஆறு நாள் சோறு தொடாத மனுஷி. இரண்டு தடவை கொதிக்கவைக்க நான் பஞ்சிப்பட்டேன். அதற்கு அன்ரி ஐந்து தடவை உலை வைத்தார். வெட்கமாக இருந்தது.

"இருந்து சாப்பிட்டிட்டுப் போம்" என்றார். கொண்டுபோன பானையை மட்டும் வாங்கவில்லை. "உந்தப் பானையை நீரே வைச்சிரும்."

ஆக, பானைப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் அதை அடுப்பில் ஏற்றத்தான் மனம் வரவில்லை.

விரதம் என்பது வயிற்றுக்கு ஓய்வு, வேறொன்றுமில்லை என்று இதே பக்கத்தில் எழுதியவன் நான். இப்போது சுவருக்கு அந்தப்பக்கம் ரெலிபோன் அடித்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ராசன் வராவிட்டால்? ஒரு பானை ஒருவனின் பயணத்தை என்ன செய்யும் என்று நீங்கள் கேட்பீர்கள். போன கிழமை என்றால் நானும் கேட்டிருப்பேன்.

அவன் வந்து இறங்கும்வரையாவது முருகன் இருந்துவிட்டுப் போகட்டும்.