இல்லாத சத்திரத்துக் காவற்காரன்

கதைப் புத்தகத்து மனிதன் ஒருவனை நேசித்தேன் என்று எழுதுவது, கல்லூரியில் பயின்ற என் வயதுக்கும் மதிப்புக்கும் பொருந்துமா என்று யோசித்தே தொடங்குகிறேன். அவன் ஒரு சத்திரத்துக் காவற்காரன். உறவென்று ஒருவரும் இல்லாத கிழவன், கடுகடுத்த வாய். யாத்திரிகர் கைவிட்டுப் போன குழந்தைகள் வாசலில் சேரச் சேர, அவர்களுக்காகவே வாழத் தலைப்பட்டான். கஞ்சியைக்கூடத் திட்டிக்கொண்டேதான் ஆற்றிக் கொடுப்பான். கொஞ்சத் தெரியாதவனின் அன்பு அது, எனக்கு விளங்கியது.

அந்நாளில் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில், காலை ஷிப்டுக்கு இறங்குவோரின் பெயர் பதியும் குமாஸ்தாவாக இருந்தேன். மனைவி காலமாகியிருந்தாள், மக்கள் இல்லை. பிற்பகலில் வராந்தாவில் அமர்ந்து உரக்கப் படிப்பேன். எதிரே கூலிக்காரர்களின் மூங்கில் தட்டிக் குடிசைகள். எழுத்தறியாத அவர்கள் பத்திரிகைச் செய்திகளை என் குரலிலிருந்தே அறிவார்கள். செய்தி முடிந்ததும் கதையைத் தொடங்குவேன். குரலில் வேறுபாடு காட்டியதில்லை.

முதற் குடிசைப் பெண்ணின் கணவன் சுரங்கத்தினுள் மாண்டவன். அவள் சுரங்கத்துக்கு மேலே, தரையில் தாதுக்கல் பொறுக்கப் போகும்போது, தன் சிறு மகளின் இடுப்பில் புடவைக் கிழிசலைக் கட்டிக் கம்பத்தோடு பிணைத்துவிட்டுப் போவாள். அங்கே பலரும் செய்ததுதான். குழந்தை அழுது ஓய்ந்து மண்ணிலேயே தூங்கும்.

ஒரு நாள் மகளுக்குத் தலைவாரி, துணி மூட்டையோடு அவள் என் படியருகே வந்து நின்றாள்.

"சாமி, அந்தச் சத்திரத்துக் கெழவரு எந்த ஊர்ல கீறாரு? பவுரிங்பேட்டைக்கு அந்தாண்டயா? இத்த அவருகிட்ட உட்டுட்டு வந்துர்றேன். கட்டிக் கட்டி இடுப்பெல்லாம் புண்ணா கீது."

"அவர் கதையில் வருபவர், அம்மா. அப்படி ஒருவர் இல்லை."

"இல்லாத ஆளுக்கா நேத்து உங்க தொண்ட அடச்சிது?"

பிற்பகல் ஷிப்டுச் சங்கு ஊதியது. அவள் குழந்தையை இழுத்துக்கொண்டு கம்பத்தை நோக்கித் திரும்பினாள்.

"கட்ட வேண்டாம்," என்றேன். "நீ வரும்வரை இங்கேயே இருக்கட்டும்."

பக்கத்து வீட்டுக் குமாஸ்தா மறுநாளே கேட்டார்: "இன்னா சார், ஆயா உத்தியோகமும் சேத்துக் குடுத்துட்டாங்களா?"

"கேட்டு வாங்கினேன்," என்றேன்.

அதன்பின் அவர் வீட்டு விசேஷங்களுக்கு எனக்கு அழைப்பு வரவில்லை. என் வராந்தாவிலோ, நான் கஞ்சியை ஆற்றியபடி, "வாயைத் திற, கழுதை," என்று அதட்டினால் அந்தக் குழந்தை விழுந்து விழுந்து சிரிக்கும். இடுப்புப் புண்ணும் ஆறியது.

மழைக்காலம் முடிந்ததும் தாயையும் மகளையும் அழைத்துப்போக ஆம்பூரிலிருந்து அவள் தமையன் வந்தான். அவன் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் உண்டு, அவளுக்கு வேண்டியிருந்ததும் அதுவே. அவர்கள் ரயிலேறிய அன்று மாரிகுப்பம் ஸ்டேஷனில் எனக்கும் வேறொரு அலுவல் இருந்தது.

"திட்டலன்னா இவ கஞ்சி குடிக்க மாட்டாளே, சாமி! எங்க அண்ணனுக்குத் திட்ட வராதே!" என்று அவள் ஜன்னலருகே சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் பிற்பகல் கஞ்சியை ஆற்றி முடித்த பின்னரே, திட்டுவதற்கு ஆளில்லை என்பது நினைவுக்கு வந்தது.