கல் ரூமின் காற்று

எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால் ஒரு கல் ரூம் இருக்கிறது. எங்கள் ஊர் பாலகாட்டில் தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் கட்டியது. பாதி மண்ணுக்குள் இருக்கும். படி இறங்கித்தான் போகவேண்டும். பின்சுவரில் ஒரு விரிசல். அதிலிருந்து சில்லென்று காற்று வரும். அதற்கும் பின்னால் முள்ளுக்காடு. அதற்குள் பழைய ஷாஃப்ட், சுரங்கத்துக்கு இறங்குகிற குழி. அதன் வாயைக் கான்கிரீட் போட்டு மூடியிருக்கிறார்கள்.

அண்ணன் பகலில் அந்த ரூமில்தான் தூங்குவார். பெங்களூரில் ஒரு அபார்ட்மெண்டில் நைட் வாட்ச்மேன். காலை ரயிலில் வந்து இறங்குவார். எங்கள் வீடுகளுக்குத் தகரக் கூரை. வெயில் ஏறினால் படுக்க முடியாது.

வருகிறவர்களுக்கெல்லாம் அண்ணன் பீடி பற்றவைத்து விரிசலைக் காட்டுவார். சில நாள் புகை உள்ளே போகும். சில நாள் வெளியே தள்ளும்.

"மூச்சு வுடுது பாரு" என்று சிரிப்பார். "கரண்ட் பில் இல்லாத ஏசி."

"ஏசிக்கா போறாரு? என் வாய்க்கு பயந்து போறாரு" என்று அண்ணி சொல்வார்.

நான் ஏழாவது வரை படித்தேன். பெங்களூரில் ஒரு ஆபீசில் தரை துடைக்கிறேன். அண்ணன் வருகிற ரயிலும் நான் போகிற ரயிலும் வழியில் எங்கோ கடக்கும். உட்கார இடம் கிடைத்தால் போன் பார்ப்பேன். கூட வேலை செய்கிறவள் ஒருநாள் உங்கள் ஊரில் இன்னும் தங்கம் இருக்கிறதா என்று கேட்டாள். அதைத் தேடப் போய்த்தான் ஒரு கலைக்களஞ்சியம் போனில் திறந்தது. நீல எழுத்தைத் தொட்டால் வேறொரு பக்கம் வரும். அதில் ஒரு நீல எழுத்து. போன் அதைத் தமிழாக்கித் தரும். பாதி புரியும்.

எங்கோ ஒரு ஊர். அடியில் நிலக்கரி பற்றிக்கொண்டு வருஷக்கணக்காக எரிகிறதாம். ரோடு பிளந்து புகை வருமாம். வேறொரு பக்கத்தில் ஒரு பறவைக் கூண்டு. கூண்டின் மேல் நல்ல காற்று அடைத்த சின்ன சிலிண்டர். சுரங்கத்தில் கெட்ட காற்று பட்டுக் குருவி சாய்ந்தால் கூண்டை மூடி சிலிண்டரைத் திறப்பார்களாம். குருவி எழுந்துவிடுமாம். அது எனக்குப் பிடித்திருந்தது. இன்னொன்று ஒரு ஏரி. ஒருநாள் அது காற்றைக் கக்கியது. பள்ளத்தில் இருந்த மாடும் மனுஷரும் எழவில்லை. மேட்டில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன். மறுநாள் திரும்பவும் தேடிப் படித்தேன்.

அந்த மழைக்காலத்தில் அண்ணியின் கோழிகள் செத்தன. ராத்திரி அந்தக் கல் ரூமில்தான் அடைப்பார். காலையில் திறந்தால் தரையில் இருந்த கோழிகளெல்லாம் செத்துக் கிடந்தன. காயம் இல்லை. சேவல் மட்டும் விறகு அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தது. கூவவில்லை.

அண்ணி நேராக மூன்றாவது வீட்டுக்குப் போனார். அந்த வீட்டு அக்காவுக்கும் அண்ணிக்கும் குழாயடித் தகராறு உண்டு.

"எலி மருந்து வெச்சது யாருன்னு தெரியும்."

"உன் கோழிக்கு மருந்து வேறயா? உன் பேச்ச கேட்டே செத்துகீதுங்க, போ."

அதன்பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

சில நாள் கழித்து ரயிலில் போனில் இன்னொரு பக்கம் வந்தது. மூடிய சுரங்கமும் மூச்சு விடுமாம். வானம் தெளிவாக இருக்கும் நாளில் மேல்காற்று அழுத்தும், சுரங்கம் உள்ளே இழுக்கும். மழையோ புயலோ வருகிற நாளில் அழுத்தம் குறையும். அப்போது உள்ளே கிடந்து செத்த காற்றை வெளியே விடும். நிறம் இல்லை. வாசனை இல்லாமலும் வரும். கனமானது, தரையோடு தேங்கும். விளக்கு அணையும்.

எனக்குச் சேவல் ஞாபகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடம் சொன்னேன்.

"இன்னாமே, ரயில்ல போயி டாக்டருக்குப் படிச்சிட்டு வந்துட்டியா?"

"அண்ணா, அந்தக் காத்து நல்லதில்ல."

"நான் சுரங்கத்துக்குள்ள, லெவல்ல வேல செஞ்சவன். கீழ மூஞ்சில காத்து பட்டா உயிரு. காத்து நின்னாதான் ஓடணும். எனக்கு நீ காத்து சொல்லித் தர்றியா?"

அவர் சொன்னது நிஜம்தான். ஆனால் அப்போது சுரங்கத்துக்குப் பெரிய காற்றாடி ஓடியது, மேலே இருந்து நல்ல காற்று போனது. இப்போது காற்றாடி இல்லை. அதைச் சொன்னால் இன்னும் கத்துவார்.

"சரி. தரையில படுக்காத. அது போதும்."

அவர்கள் வீட்டில் உயரமான இரும்புக் கட்டில் ஒன்று இருந்தது, பழைய ஆஸ்பத்திரிக் கட்டில். நானும் அண்ணியும் தூக்கிக்கொண்டுபோய் உள்ளே போட்டோம்.

"இன்னும் சாகல, அதுக்குள்ள தூக்கி வெக்கறாளுங்க" என்றார் அண்ணன். ஆனால் அதில்தான் படுத்தார்.

பிறகு சென்னைப் பக்கம் புயல் வந்தது. அன்று பெங்களூரிலும் வானம் இறங்கி இருந்தது. பக்கெட்டை வைத்துவிட்டு அண்ணனுக்குப் போன் செய்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணிக்குச் செய்தேன்.

"தூங்கறாரு. எழுப்பினா கத்துவாரு."

"எழுப்புங்க அண்ணி. உள்ள போவாதீங்க. படியில மெழுகுவத்தி காட்டிப் பாருங்க."

போனில் அவர் நடப்பது கேட்டது. அப்புறம் தீக்குச்சி உரசும் சத்தம்.

"கீழ்ப்படியில அணைஞ்சிடுச்சு" என்றார். குரல் மாறியிருந்தது. "கூப்பிடறேன், அசைய மாட்டேங்கறாரு."

"எறங்காதீங்க. நீங்களும் விழுந்துருவீங்க. தொரட்டி எடுங்க."

முருங்கைக்கீரை பறிக்கிற தொரட்டி. மேல்படியில் நின்றுகொண்டு அண்ணி அதால் அண்ணன் விலாவில் குத்தினார். திரும்பத் திரும்பக் குத்தினார். திட்டிக்கொண்டே குத்தினார். அந்தத் திட்டெல்லாம் எனக்குக் கேட்டது. கடைசியில் ஒரு முனகல் கேட்டது.

"எழுந்துட்டாரு. குனியறாரு, செருப்பு தேடறாரு!"

"செருப்ப வுடச் சொல்லுங்க! குனியக் கூடாது!"

"யோவ், செருப்பு வாணாம்! நிமிந்து வாய்யா!"

அவர் வந்து சேர்ந்தார். வாசலில் வாந்தி எடுத்தார். அன்று முழுக்கத் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தாராம். நான் போனபோது என்னைப் பார்த்தார். தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்.

மறுவாரம் விரிசலைச் சிமெண்ட் வைத்து அடைத்தார். ரூமைப் பூட்டினார். இப்போது காற்று வரவில்லை. இனி வேறு எந்த வழியில் வரும் என்று நான் கேட்கவில்லை. அவரே ஒரு மேகமூட்டமான நாளில் ஊதுபத்தி கொளுத்திக்கொண்டு எங்கள் வரிசையில் வீடுவீடாகப் போனார். தரையோரம் பிடித்துப் பார்த்தார். மூன்றாவது வீட்டில் அரிசி டிரம் பின்னால் சுவர் பிளந்திருந்தது. புகை பிளவுக்குள் போகாமல் அறைக்குள் திரும்பியது.

"போன மாசம் மருந்து வெச்சேன்னீங்க. இப்ப காத்துன்றீங்க" என்றார் அந்த அக்கா. "சில்லுனு நல்லாத்தான் கீது. புள்ளைங்க அங்கதான் படுக்குதுங்க."

அண்ணன் சிமெண்ட் பூசித் தருகிறேன் என்றார். எங்கள் சுவரைத் தொடவேண்டாம் என்று அந்த அக்கா சொல்லிவிட்டார்.

அடுத்த நாள் அண்ணன் கல் ரூமைத் திறந்து அந்த இரும்புக் கட்டிலை எடுத்தார். தனியாகவே சுமந்துகொண்டுபோய் அந்த வீட்டில் பிள்ளைகள் படுக்கிற மூலையில் போட்டுவிட்டு வந்தார். அந்த அக்கா வாங்கிக்கொண்டார்.

நேற்று அந்தப் பக்கம் போனபோது அந்த அக்கா வீட்டுக் கதவு திறந்திருந்தது. கட்டில் மேல் துணி மடித்து அடுக்கியிருந்தார்கள். கீழே பிள்ளைகளின் பாய் விரித்திருந்தது.

நாளைக்கு மழை என்று போன் சொல்கிறது.