கம்பிக்கு வைத்த பொட்டு

காந்த அறைக்குள் இரும்பு வரக்கூடாது என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள். கூட்டித் துடைக்க வந்த அம்சத்தின் தாலிக்கயிற்றில் எப்போதும் நாலு ஊக்கு தொங்கும். தாலியைக் கழற்றச் சொல்வார்களோ என்று முதல் நாள் வாசலிலேயே நின்றுவிட்டாள். கூடத்து டெக்னீஷியன் ரெத்தினம் அதைப் பார்த்தார். மறுநாள் கதவோரம் ஒரு பித்தளைக் கிண்ணம் இருந்தது. ஊக்கை மட்டும் அதில் போட்டுவிட்டு வரலாம், தங்கத்தைக் காந்தம் சீண்டாது என்று கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே சொன்னார்.

ரெத்தினம் திருவிடைமருதூர்ப் பக்கத்துக் குத்தகைக்காரர் வீட்டுப் பிள்ளை. ஐடிஐ படித்துவிட்டு, தஞ்சாவூர்க் கல்லூரி ஒன்றின் இந்தப் பௌதிக ஆய்வுக்கூடத்தில் முப்பது வருஷம் ஓட்டியவர். மகாலிங்க சுவாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவார். விரல் நீள நிக்கல் கம்பியைப் பெரிய காந்தத்துக்குள் வைத்து, அது எவ்வளவு சுருங்குகிறது என்று அளப்பது அவர் வேலை. தலைமுடியை நீளவாக்கில் இருபதாகப் பிளந்தால் வரும் ஒரு பங்குதான் சுருங்குமாம். யாரும் தொடாமல் உலோகம் எப்படிச் சுருங்கும் என்று அம்சம் கேட்டாள். கம்பி நுனியில் ஒட்டியிருந்த குட்டிக் கண்ணாடியையும், அதில் பட்டு எதிர்ச் சுவரில் விழுந்த சிவப்புப் புள்ளியையும் காட்டினார். கம்பி அசைந்தால் புள்ளி நகரும் என்றார். அவளுக்குப் புள்ளி தெரிந்தது, மற்றது விளங்கவில்லை.

ஆயுதபூஜைக்குக் கூடத்தைக் கழுவிவிட்டு, சாமான் ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்தாள்.

விடுமுறை முடிந்து திறந்ததும் தகராறு ஆரம்பித்தது. காந்தத்தைப் போடவே இல்லை, புள்ளி தானாக ஊர்ந்தது. அந்த வாரமே அளவுகளை அனுப்பவேண்டிய ஆராய்ச்சிப் பெண் வானதி அழாத குறை. ஏசியை நிறுத்திப் பார்த்தார்கள். ரோட்டில் போகும் நெல் லாரிகளின் அதிர்வோ என்று மேசைக்கடியில் ரப்பர் வைத்தார்கள். புள்ளி ஊர்ந்துகொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் மேசையைத் துடைக்கும்போது அம்சம் கண்டாள். கம்பியும் கண்ணாடியும் சேரும் இடத்தில் அவள் வைத்த பொட்டு காய்ந்து வெடித்திருந்தது. காய்கிற சந்தனம் தோலை இழுக்கும் என்பது நெற்றிக்கு வைக்கிறவளுக்குத் தெரியாதா? இன்னொரு புகார் வந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று காண்ட்ராக்டர் முன்பே சொல்லியிருந்தான். ஆனாலும் சாமி காரியத்தில் பொய் சொல்ல வாய் வரவில்லை. ரெத்தினத்திடமும் வானதியிடமும் சொல்லிவிட்டாள்.

"மூணு நாளா பேய் புடிச்ச மாதிரி அலையிறோமேக்கா" என்ற வானதி, பேராசிரியரிடம் சொல்ல எழுந்தாள்.

"அவங்கள ஒண்ணும் சொல்லாதம்மா" என்றார் ரெத்தினம். "பூஜையன்னிக்கே நான் பாத்தேன். வச்ச பொட்டத் தொடைக்கக் கை வரல. தப்பு என்னுது."

கூடத்து நோட்டில் தவறு அவர் பேரில்தான் ஏறியது. ஓய்வுக்குப் பிறகு ஒரு வருஷம் நீட்டிப்புக் கேட்டிருந்தார், அது வரவில்லை. பொட்டினாலா, வேறு எதனாலா, யாரும் சொல்லவில்லை.

அம்சத்துக்குத் தலை சுற்றியது. பார்த்திருந்தால் மூன்று நாள் ஏன் லாரியைத் தேடினார்? பார்க்கவில்லை என்றால் ஏன் அப்படிச் சொன்னார்? சாமியிடம் கேட்டும் தெளியவில்லை. அவர் வேலையை விட்டுப் போகும் கடைசி நாள் பஸ் ஸ்டாப்பில் அவரிடமே கேட்டாள்.

பஸ் வந்து நின்றது. படியில் ஏறிக்கொண்டே சொன்னார்: "பாத்தேனா இல்லையான்னு எனக்கே இப்ப சரியாத் தெரியலம்மா. அடுத்த வருஷமும் பொட்டு வைங்க. கம்பிய விட்டுட்டு காந்தத்தோட காலுக்கு வைங்க."