நைனாவின் காதுக்குப் பதின்மூன்றாம் நம்பர் கம்பி

என் நைனாவுக்குக் காது மெஷின் வாங்கி மாட்டிய வாரம் எங்கள் வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. குக்கர் விசில் அடித்தால் சமையலறைக்கு ஓடுவார். காக்கா கத்தினால் பால்கனிக்கு ஓடுவார். மேல் வீட்டு அம்மா தன் புருஷனை வாங்கு வாங்கென்று வாங்குவதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டுவிட்டு வந்து என்னிடம் ஒப்பிப்பார்.

"இத்தினி நாளா அந்தம்மா ஜபம் சொல்லிகினு கீதுன்னு நென்ச்சிகினு இருந்தேம்மா!"

ராயபுரத்தில் எங்கள் தெருவில் சத்தத்துக்குப் பஞ்சமே இல்லை. அத்தனையையும் அவர் புதுத்துணி போட்ட குழந்தை மாதிரி அனுபவித்தார். துறைமுகத்தில் கப்பல் பழுது பார்க்கும் இடத்தில், இரும்புத் தொட்டிகளுக்குள் உட்கார்ந்து சுத்தியலால் துருவைத் தட்டி எடுக்கும் வேலை அவருக்கு. சிப்பிங் என்பார்கள். அந்த வேலையில்தான் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. நான் கிடார் கற்றுக்கொள்வதற்கு முன்பே முக்கால்வாசி போய்விட்டது.

நான் எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட்டில் உட்கார்ந்து உள்ளே வரும் வண்டி, வெளியே போகும் வண்டி பதிவு செய்கிறவள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாடகர் குழுவுக்குக் கிடார் வாசிப்பேன். தினமும் வேலை முடிந்து வந்து காபி குடித்ததும் கொஞ்ச நேரம் பழகுவேன். நைனா பிளாஸ்டிக் நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். காலேஜ் படித்த நாளிலிருந்து இதுதான் வழக்கம்.

மெஷின் மாட்டிய முதல் நாள் சாயங்காலம் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காபிகூடக் குடிக்காமல் கிடாரை எடுத்து ஒரு இழு இழுத்தேன். நைனாவின் முகம் அப்படியே கோணிப்போனது. பல் டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் போலத் தோளைக் குறுக்கிக்கொண்டார். ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நீ வாசிம்மா. நல்லா கீது."

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. மேல் வீட்டுச் சண்டையைக் கேட்கிறார், லாரி ஹாரனைக் கேட்கிறார், பெற்ற மகள் வாசிப்பதற்கு மட்டும் கழற்றி வைத்துவிடுகிறார்! மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. நான் வாசிப்பதை என் நைனா ஒரே ஒரு பாட்டாவது முழுசாகக் கேட்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம் என்று ஆகிவிட்டது.

மெஷின் பொருத்திய பெண்ணிடம் போய்ச் சண்டை போட்டேன். அவள் பொறுமையாகச் சொன்னாள்: கீச்சென்ற ஓசையைக் குறைக்கலாம், ஆனால் பேச்சில் பாதியும் அதோடு போய்விடும். குறைத்துப் பார்த்தோம். வீட்டுக்கு வந்து சேருவதற்குள் நைனா பழையபடி எல்லாவற்றுக்கும் "ஆங்? ஆங்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். அப்படியே திரும்பிப் போய்ப் பழையபடி வைக்கச் சொன்னேன். அவர் காதில் கை வைக்கக் கூடாது, கிடாரில்தான் கை வைக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

கிடார் கம்பிகளை முதல் கம்பியின் தடிமனை வைத்துத்தான் நம்பர் சொல்லி விற்பார்கள். பத்து என்றால் மெலிசு, பன்னிரண்டு என்றால் தடிமன். என்னுடையது பதினொன்று. மெலிசான கம்பி மெதுவாகத்தானே பேசும் என்று என் அறிவுக்கு எட்டியபடி கணக்குப் போட்டுப் பத்தாம் நம்பர் செட் வாங்கி மாட்டினேன். ஐயோ, அதைவிட மோசம்! தகரத்தில் ஆணியால் கீறியது மாதிரி இருந்தது. இந்தத் தடவை நைனா உட்காரும்போதே மெஷினைக் கழற்றிவிட்டார்.

பழைய பதினொன்றையே திரும்ப மாட்டிய பிறகுதான் புத்தி கொஞ்சம் வேலை செய்தது. கண் டாக்டர் கண்ணாடி மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்பாரே, அது மாதிரி நைனாவை மெஷினோடு உட்காரவைத்து ஒவ்வொரு கம்பியாகத் தட்டினேன்.

"இது?"

"ஷோக்கா கீது."

"இது?"

"இதுவும் பரவால்ல."

தடித்த கம்பிகள் மூன்றும் அவருக்குப் பிடித்துவிட்டன. அடுத்ததற்கும் தலையாட்டினார். இரண்டாம் கம்பியைத் தட்டியதும் கண்ணைச் சுருக்கினார். முதல் கம்பியைத் தொட்டதும் கை காதுக்குப் போனது. நான் துள்ளிக் குதித்துவிட்டேன். ஆறு பேரும் குற்றவாளி இல்லை, இரண்டே பேர்தான்! ஓடிப்போய் நைனாவின் கன்னத்தைக் கிள்ளினேன். எதற்குக் கிள்ளுகிறாள் என்று தெரியாமல் அவரும் சிரித்தார்.

இந்தக் கட்டத்தில் என் வீட்டுக்காரர் உள்ளே நுழைந்தார். காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறவர். உலகத்தில் எந்தப் பிரச்சினையானாலும் படகில் இருக்கும் சாமானை வைத்தே சரிசெய்துவிடலாம் என்பது அவருடைய திடமான நம்பிக்கை. எங்கள் வீட்டில் கொடிக்கயிறு, கொசுவலை நாடா, என் கைப்பையின் அறுந்த வார் எல்லாம் வலைச்சாமானில்தான் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

"இதுக்கா இன்னாமே இம்மா பேஜாரு? அந்த ரெண்டு இரும்புக் கம்பிய கயட்டிட்டு தங்கூசு கட்டு. துருவும் புடிக்காது, கத்தவும் கத்தாது."

தங்கூசு என்றால் மீன்பிடிக்கும் நைலான் நரம்பு. எனக்கும் அது பிரமாதமான யோசனையாகத்தான் பட்டது. வேறு ஊர்க்காரியாக இருந்தால் பட்டிருக்காது. நூல் சுருளை வைத்துக்கொண்டு தடிமன் தடிமனாகத் தேர்ந்தெடுத்தோம். கம்பியின் நுனியில் இருக்க வேண்டிய குண்டுக்குப் பதிலாக ஒரு மணியைக் கோத்து, தூண்டில் முள்ளுக்குப் போடும் முடிச்சையே போட்டுக் கொடுத்தார். சுறாவே வந்து இழுத்தாலும் அவிழாதாம். கிடாரைச் சுறா இழுக்கப் போகிறதா என்று கேட்டேன், முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினார்.

நைனாவை எதிரே உட்காரவைத்து அந்த இரண்டு நரம்பில் மட்டும் மாதா பாட்டு ஒன்றை மெதுவாக வாசித்தேன். மெஷின் காதிலேயே இருந்தது. கை மேலே போகவில்லை. முகம் கோணவில்லை.  பாட்டு முடிந்தது. நைனா என்னைப் பார்த்தார்.

"சுதி சேத்தது போதும்மா. எப்ப வாசிக்கப் போற?"

நரம்பு அவருக்கு மொத்து மொத்தென்றுதான் கேட்டிருக்கிறது. வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். இரும்புக் கம்பியை மாற்ற நேரமில்லாமல் ஞாயிற்றுக்கிழமை அதே நரம்போடு போய், அவர் யோசனைக்கு நான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். கோயிலில் காணிக்கைப் பாட்டு பாடிக்கொண்டிருக்கும்போதே நரம்பு இளகி இளகிச் சுதி கீழே இறங்கிக்கொண்டே போனது. முடிச்சு மட்டும் அவர் சொன்னபடி அசையவில்லை. பாடகர் குழுத் தலைவர் திரும்பிப் பார்த்த பார்வையில் நான் கருகாமல் இருந்தது மாதா புண்ணியம்.

அடுத்த நாள் வேலை முடிந்து திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தேன். முன்னால் டிரெய்லர் வரிசை, பின்னால் டிரெய்லர் வரிசை. வண்டி நகரவில்லை. என் மண்டை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தடித்த கம்பிகள் நைனாவுக்குப் பிடிக்கின்றன. மெலிசு போட்டால் இன்னும் மோசமாகிறது. அப்படியென்றால் அந்த இரண்டையும் இரும்பிலேயே தடிமனாகப் போட்டால் என்ன? இவ்வளவு சின்ன விஷயம்! நெற்றியில் படாரென்று அடித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த அக்கா, "இன்னா கண்ணு, எதுனா மறந்துட்டியா?" என்று கேட்டது. "இல்லக்கா, இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு" என்று சொல்லிவிட்டு இறங்கி, பஸ் பிடித்து நேராக மவுண்ட் ரோடு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் பதின்மூன்றாம் நம்பர் செட்டை எடுத்து நீட்டிக்கொண்டே பயமுறுத்தினார். "மேடம், இது முழுசா போட்டீங்கன்னா உங்க கிடார் கழுத்து வளைஞ்சிடும்." முழுசாகப் போடப் போவதில்லை, முதல் இரண்டு கம்பி மட்டும், மற்ற நாலும் பழைய பதினொன்றே என்றேன். "அப்படியெல்லாம் கலக்க மாட்டாங்க" என்றார். யார் மாட்டார்கள், எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அவர் பில் போட்டார்.

வீட்டுக்கு வந்து மாட்டினால் புதுத் தொல்லை. கிடாரின் கழுத்து முடியும் இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டை இருக்கும், அதில் கம்பி உட்கார ஆறு பள்ளம் இருக்கும். மெலிசான கம்பிக்கு வெட்டிய பள்ளத்தில் இந்தத் தடியன் இறங்க மாட்டேன் என்று மேலேயே நின்றான். உப்புத்தாளை மடித்துப் பள்ளத்தில் விட்டு இழுத்தேன். அதிகம் தேய்த்துவிட்டால் கம்பி கழுத்திலிருக்கும் உலோகப் பட்டையில் பட்டு இரையும், கட்டையையே மாற்ற வேண்டியிருக்கும். இரண்டு இழு இழுப்பேன், கம்பியை வைத்துப் பார்ப்பேன், மறுபடி இழுப்பேன். கடைசியில் டக்கென்று உட்கார்ந்தது பாருங்கள், பிரசவம் ஆனது மாதிரி ஒரு பெருமூச்சு விட்டேன். இழுவை அதிகம் இருந்ததால் ஆறு கம்பியையும் அரைச் சுதி இறக்கி வைத்தேன்.

ஒரு தட்டு தட்டினேன். அடேயப்பா! கீச்சு போய்விட்டது, குரல் போகவில்லை. தொண்டை கட்டாத, கூச்சல் போடாத ஒரு பெண் பாடுவது போல இருந்தது. விரல்தான் எரிந்தது. எரியட்டும்.

"நைனா! வா இங்க!"

வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். கிடாரைப் பார்த்ததுமே கை தானாகக் காதுக்குப் போனது.

"கைய எடு நைனா! எடுக்கலைன்னா நான் பேசமாட்டேன்!"

பயந்துபோய்க் கையை மடியில் வைத்துக்கொண்டார். அதே மாதா பாட்டைத்தான் வாசித்தேன். அவர் சின்ன வயதில் கோயிலில் பாடிய பாட்டு அது. முதல் அடி போனது. கை மடியிலேயே இருந்தது. இரண்டாம் கம்பியிலிருந்து முதல் கம்பிக்குப் பாட்டு ஏறியது. கை அப்போதும் மடியிலேயே இருந்தது. முகத்தைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை, பார்த்தால் விரல் தப்பிவிடும். கடைசி அடி வரைக்கும் வாசித்து முடித்துவிட்டுத்தான் தலையை நிமிர்த்தினேன்.

நைனா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 

"இன்னா நைனா? வலிக்குதா?"

"வலிலாம் ஒண்ணும் இல்லம்மா." கிடாரைச் சுட்டிக் காட்டினார். "நடுவுல ஒரு எடத்துல தப்பா வாசிக்கிற."

"எங்க?"

அந்த இடத்தைப் பாடிக் காட்டினார். குரல் கரகரத்தது, ஆனால் சுதி பிசகவில்லை. மேலே ஏறிப் போக வேண்டிய ஒரு சுரத்தை நான் ஏறாமல் பாதியிலேயே திருப்பிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதுதான் சரி. இந்தப் பாட்டைக் கற்றுக்கொண்ட நாளிலிருந்தே அப்படித்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன், அதுவும் இதே நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு.

"இத்தினி வருசமா ஒரு தடவ கூட சொல்லலியே நைனா! எப்பப் பாத்தாலும் நல்லா கீது, நல்லா கீதுன்னுதான சொன்ன?"

"எனக்கு எங்க கேட்டுச்சும்மா? உன் கையத்தான் பாத்துகினு குந்திகினு இருந்தேன். கை நல்லாத்தான் போய்கினு இருந்துச்சு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஒன்றுமே கேட்காமல் இத்தனை வருஷம் தினமும் வந்து உட்கார்ந்திருக்கிறார் மனுஷன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த இடத்தை மறுபடி வாசித்தேன். சந்தோஷத்தில் விரல் பழைய இடத்துக்கே போய்விட்டது.

"ஊஹூம்," என்றார் நைனா, நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு. "அதே தப்புதான். திருப்பி வாசி."