கள ஆய்வில் சந்தித்த பெண்

எண்பதுகளின் நடுவே, தஞ்சாவூரில் நான் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். பரம்பரையாகக் கூலி வேலைக்குப் போகிற குடும்பம். எங்கள் தெருவிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பெண் நான்தான்.

வகுப்பில் ஒவ்வொருவரும் 'உற்பத்தி உறவு', 'அந்நியமாதல்', 'கருத்தியல் மேலாதிக்கம்' என்று வெளுத்து வாங்குவார்கள். நான் பேந்தப் பேந்த விழிப்பேன். பிறகு நானும் அவற்றை உருப்போட்டேன். பாதிக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் அப்படிப் பேச ஆரம்பித்த பிறகுதான் கேன்டீன் மேஜையில் எனக்கும் இடம் கிடைத்தது. எந்தத் தெரு என்று அங்கே யாரும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

ஒரு கருத்தரங்கில் கூலிப் போராட்டம் பற்றிக் கட்டுரை வாசித்தேன். அதில் ஒரு பெண் வருவாள். பண்ணையார்கள் வெளியூர் ஆட்களை நடவுக்கு இறக்கியபோது வரப்பில் மறித்து நின்று, காலில் சேறு காய்வதற்குள் போலீஸ் லாரியில் ஏற்றப்பட்டவள். அவள் என் அக்கா. அம்மா இறந்தபின் என்னை வளர்த்தவள். கட்டுரையில் அவளைப் பெயரில்லாத ஒரு 'தகவலாளி' ஆக்கியிருந்தேன்.

பாதியில் நிமிர்ந்தால், கடைசி பெஞ்சில் அக்கா! இரண்டு மாதமாக நான் ஊருக்குப் போகாததால் பார்க்க வந்திருக்கிறாள். யாரோ உள்ளே உட்காரவைத்துவிட்டார்கள்.

வாசித்து முடித்ததும் பேராசிரியர் பாராட்டிவிட்டு, அந்தப் பெண்ணை எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். முன்வரிசையில் கேன்டீன் நண்பர்கள்.

"கள ஆய்வுல சந்திச்சேன், சார்" என்றேன்.

எல்லாரும் கைதட்டினார்கள். அக்காவும் தட்டினாள்.

பஸ் ஸ்டாண்டு வரை வேறு பேச்சுதான். நான் இளைத்துவிட்டேனாம், ஹாஸ்டல் சோறு சரியில்லையாம். பஸ் ஏறும்போதுதான் சொன்னாள்.

"நீ பேசுனதுல பாதி எனக்குப் புரியல பாப்பா. லாரியில ஏத்துன பொம்பளய மட்டும் தெரிஞ்சுது. நான் வந்திருக்கக் கூடாது, உனக்குச் சங்கடமா போச்சு."

அத்தனை பெரிய வார்த்தைகளை உருப்போட்ட எனக்கு, மன்னித்துவிடு என்று சொல்ல வாய் வரவில்லை. பஸ் கிளம்பிவிட்டது. அதன்பின் எத்தனையோ முறை ஊருக்குப் போனேன். அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, எனக்கும் தைரியம் வரவில்லை.

அக்கா காலமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. இப்போதெல்லாம் யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், லாரியில் ஏற்றப்பட்ட அந்தப் பெண் என் அக்கா என்று சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்க வேண்டியவள்தான் இல்லை.